தெரிந்ததிலிருந்து தொடங்குவது: காரைக்காலில் வயது வந்தோர் கல்வி

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 87 பேர். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று 160 சதுர கிலோமீட்டர் அளவில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன நிலப்பகுதிக்கு இது நல்ல எண்தான். ஆனால் இந்த நல்ல எண்ணே ஒரு கெடுதலையும் செய்துவிட்டது. 2009 செப்டம்பர் 8 அன்று மத்திய அரசு தொடங்கிய ‘சாட்சர் பாரத்’ திட்டம், வயது வந்த பெண்களில் பாதிப் பேரோ அதற்கும் குறைவானவர்களோ எழுத்தறிந்த மாவட்டங்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. அந்த வரம்புக்குக் காரைக்கால் எப்போதோ மேலே போய்விட்டது. நாட்டின் பெரிய வயது வந்தோர் கல்வித் திட்டம் நடந்த ஆண்டுகளில், மீதியிருந்த பதின்மூன்று பேர் எண்ணிக்கைக்குள் மறைந்து போனார்கள்.

அந்தப் பதின்மூன்று விழுக்காடு என்பது இரண்டு லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்கள். இவர்கள் ஒரே தெருவில் இல்லை, ஒரே தொழிலில் இல்லை, ஒரே மாதிரி எழுத்தறியாதவர்களாகவும் இல்லை. பட்டினச்சேரியில் மீன் விற்கும் பெண்ணுக்கும், நெடுங்காட்டில் நடவுக்குப் போகும் பெண்ணுக்கும், திருநள்ளாறு கோயில் வாசலில் எள் தீபம் விற்பவருக்கும், காரைக்கால் நகரத்துக்குள் வீட்டோடு இருக்கும் இஸ்லாமிய மூதாட்டிக்கும் ஒரே பாடப்புத்தகத்தை, ஒரே வேகத்தில், ஒரே மணி நேரத்தில் நடத்த முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. முடியாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களையும், இதுவரை உலகத்திலும் நம் பக்கத்திலும் செய்து பார்க்கப்பட்டவற்றையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் நம் சொந்த அனுபவம். 1988 மே 5-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த அலையில்தான் புதுவை அறிவியல் இயக்கம் முன்னின்று புதுவையில் ‘அறிவொளி’ எழுத்தறிவு இயக்கத்தை நடத்தியது; பிறகு புதுக்கோட்டை, விருதுநகர், திருநெல்வேலி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அறிவொளியின் பலம் அதன் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. அது அ, ஆ-வில் தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்று தொடங்கியது. நிலமில்லாத கூலிக்காரருக்குப் பட்டா என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அது கிடைக்காத வேதனையை அவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார். வகுப்பில் முதலில் பேச்சு நடக்கும், பிறகு எழுத்து வரும். இன்னொரு வசதியும் உண்டு. ப, ட இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை. களைக்கொட்டும் அரிவாளும் பிடித்து இறுகிப்போன விரல்களுக்கு, அ என்ற எழுத்தின் சுழியைவிட ப-வின் மூன்று கோடுகள் எவ்வளவோ எளிது. பேனாவை அழுத்திப் பிடித்து, தாள் கிழியக் கிழிய அந்த மூன்று கோட்டை இழுத்து முடித்தவுடன், அந்த அம்மா ஒரு முழு எழுத்தை எழுதிவிட்டிருப்பார்.

இதன் வேர் பிரேசிலில் இருக்கிறது. 1963-இல் ஆங்கிக்கோஸ் என்ற ஊரில் பாவ்லோ பிரெய்ரே முந்நூறு தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்றார். அவர்கள் வாழ்க்கையில் கனமாகக் கிடக்கும் சில சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பேசி, பிரித்து, எழுதச் செய்வது அவர் முறை. சொற்பட்டியல் ஊருக்கு ஊர் மாற வேண்டும் என்பது அந்த முறையின் உயிர்நாடி. கட்டடத் தொழிலாளிக்குச் செங்கல், உழவருக்கு நிலம். நம் அறிவொளியில் மாநிலம் முழுவதற்கும் ஒரே நூல் அச்சானபோது அந்த உயிர்நாடி கொஞ்சம் தளர்ந்தது. தவறென்று சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கானவர்களுக்கு ஓராண்டில் புத்தகம் போய்ச் சேர வேண்டிய காலம் அது. பெண்கள் கும்பல் கும்பலாகச் சைக்கிள் கற்றுக்கொண்ட புதுக்கோட்டையில் அந்த வேகத்திலேயே ஒரு விடுதலை இருந்தது. ஊரில் பாதிப் பேர் படிக்காதவர்களாக இருக்கும்போது ஒரே புத்தகம், ஒரே பாட்டு, ஒரே நாடகம் வேலை செய்யும். வெட்கமும் அப்போது பங்கு போட்டுக்கொள்ளப்படும். நூற்றுக்குப் பதின்மூன்று பேர் மட்டும் மீதியிருக்கும் ஊரில் அந்த வெட்கம் தனியாளுடையது. பக்கத்து வீட்டுப் பெண் பி.காம். படித்திருக்க, தான் மட்டும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்குப் போக எந்த நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் கால் வராது.

அறிவொளிக்கு இன்னொரு குறையும் இருந்தது. மூன்று புத்தகம், 200 மணி நேரம் என்பது தேசிய இயக்கத்தின் கணக்கு. அதன் முடிவில் நிமிடத்துக்கு 30 சொல் உரக்கப் படிக்க வேண்டும், சொல்வதைக் கேட்டு நிமிடத்துக்கு 5 சொல் எழுத வேண்டும், நூறு வரை எண் தெரிய வேண்டும். இதை எட்டியவர்களிலும் பலர், படிக்க எதுவும் கிடைக்காமல், சில ஆண்டுகளில் எழுத்தை மறந்தார்கள். வயதான பிறகு எழுத்துக் கற்பவர்கள் எழுத்தை அடையாளம் காண்பார்கள், ஆனால் சரளம் வருவது கடினம் என்று ஹெலன் அபாட்சி 2003-இல் உலக வங்கிக்காக எழுதிய ஆய்வு விளக்கியது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் நினைவிலிருந்து நழுவிவிடும். ஆகவே 30 சொல் என்ற இலக்கில் நிறுத்துவது, ஆற்றில் பாதி வரை பாலம் கட்டி நிறுத்துவதற்குச் சமம்.

இந்த இடத்தில் பிரான்சிடமிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்வது காரைக்காலுக்குப் பொருத்தமானது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தது. இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பிரான்சில் வயது வந்தவர்களுக்கு மொழி கற்பிப்போர் மாணவர்களை முதல் நாளிலேயே மூன்றாகப் பிரிக்கிறார்கள். எந்த மொழியிலும் பள்ளிக்கே போகாதவர்கள் ஒரு வகை. பள்ளிக்குப் போயும் எழுத்து கைநழுவியவர்கள் இன்னொரு வகை. இவர்களுக்காகவே 2000-இல் ஒரு தேசிய முகமையை அந்த நாடு அமைத்தது. வேறொரு மொழியில் நன்றாகப் படித்து, பிரெஞ்சு மட்டும் தெரியாதவர்கள் மூன்றாம் வகை. மூன்று பேருக்கும் மூன்று வகுப்பு, மூன்று விதப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள்.

காரைக்காலில் இந்த மூன்று பேரும் இருக்கிறார்கள், நாம்தான் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை போய், படகுக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பப்பட்டு, இப்போது ஐம்பது வயதில் பேருந்துப் பெயர்ப்பலகையை மட்டும் படிக்கிறவரிடம் அ, ஆ-வை நீட்டினால் மறுநாள் வரமாட்டார். அவருக்கு வேண்டியது வேகமும் பழக்கமும். மகன் அனுப்பும் வாட்ஸப் செய்தி, ரேஷன் கடை அறிவிப்பு, மருந்துச் சீட்டு இவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தால் பழைய எழுத்து மேலே வந்துவிடும். பள்ளிக்கே போகாதவருக்குப் பேனா பிடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். இவர்கள் இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் ஒருவர் சலிப்பார், மற்றவர் சுருங்கிப்போவார்.

மூன்றாம் வகைதான் காரைக்காலின் தனித்தன்மை. சின்ன வயதில் ஓதக் கற்றுக்கொண்ட இஸ்லாமியப் பெண்களில், தமிழ் எழுத்து தெரியாமலே குர்ஆனை அரபி எழுத்தில் பிசகாமல் ஓதுகிறவர்கள் உண்டு. தமிழையே அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபு இந்தக் கடற்கரை ஊர்களுக்குப் புதிதல்ல. எழுத்து என்பது ஒலியின் குறி, அது வரிசையாக ஓடும், ஒரு குறி சேர்ந்தால் ஒலி மாறும் என்ற அடிப்படைகள் அந்த லாத்தாவுக்கு (அக்காவுக்கு) ஏற்கெனவே தெரியும். அவரைப் பாமரர் பட்டியலில் சேர்ப்பது கொடுமை. அரபியின் ‘பா’ எழுத்துக்குக் கீழ்ப்புள்ளி என்றால், தமிழில் இந்தக் கோடு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது. வலமிருந்து இடமாக ஓடிய கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்புவதற்கு மட்டும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

இதே வகையில் இன்னொரு முனையில் இருப்பவர்கள், திருமணமாகிப் பிரான்சு போகவிருக்கும் பெண்கள். பட்டதாரிகளாகவே இருப்பார்கள். பிரான்சின் 2024 ஜனவரிச் சட்டம் மொழித் தகுதியை உயர்த்திவிட்டது. 2026 முதல் பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ-2, பத்தாண்டு அட்டைக்கு பி-1, குடியுரிமைக்கு பி-2 என்று படிகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண்ணுக்கு இலக்கணம் புரியும், வாய்தான் திறக்காது. வீட்டிலேயே ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாவாக இருந்தால், அவர் பேசும் பிரெஞ்சைவிட நல்ல பயிற்சிக்கூடம் வேறில்லை. வகுப்பறை அந்த வீட்டுத் திண்ணையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு. எழுத்தைவிட இதில்தான் நாம் அதிகம் தவறவிட்டிருக்கிறோம். அரசலாற்று முகத்தில் உள்ள மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைப் பாருங்கள். ஒரு கூடை 2,850 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெண்கள் பங்கு, ஆளுக்கு 950. ஐஸ், ஆட்டோ என்று ஆளுக்கு 110. ஆக 1,060. தன் பங்கைக் கண்ணாலேயே பதினான்கு கூறாகப் பிரித்துவிடுகிறார். பத்துக் கூறு நூறு ரூபாய்க்குப் போகும். வெயில் ஏறியதும் மிச்சம் நான்கு கூறு அறுபதுக்கு இறங்கும். 1,240 வரும். 180 நிற்கும். கடன் தவணை வாங்கும் தண்டல்காரருக்கு நூறு போனால் கையில் எண்பது. ஏலக்காரர் அடுத்த விலையைக் கூவுவதற்குள் இத்தனையும் மனத்தில் நடந்து முடிந்து, கேட்பதா விடுவதா என்ற முடிவும் வந்துவிடுகிறது.

இதே பெண்ணிடம் தாளில் 1,240-இலிருந்து 1,060-ஐக் கழிக்கச் சொன்னால் திணறுவார். காரணம் அறிவுக் குறைவு இல்லை. பள்ளிக்கூடக் கழித்தல் வலது ஓரத்து ஒன்றுகளிலிருந்து கிளம்பி, பக்கத்தில் கடன் வாங்கி, இடது பக்கம் போகிறது. அவர் மனக்கணக்கு சின்னத் தொகையிலிருந்து பெரிய தொகைக்குப் போகிறது. அது கழிப்பதில்லை, ஏற்றிக்கொண்டு போகிறது. ஆயிரத்து அறுபதிலிருந்து ஆயிரத்து நூறுக்கு நாற்பது, அங்கிருந்து ஆயிரத்து இருநூற்று நாற்பதுக்கு நூற்று நாற்பது, ஆக நூற்றெண்பது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பொருள் விற்ற சிறுவர்களைப் பற்றி 1985-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வும் இதையே கண்டது. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்ன அதே சிறுவர்கள், அதே கணக்கை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகச் செய்தார்கள். அதே ஆய்வாளர்கள் பின்னர் மீனவர்களின் விகிதக் கணக்கையும் ஆராய்ந்தார்கள்.

எனவே பட்டினச்சேரி வகுப்பில் ஆசிரியர் முதலில் மாணவராக வேண்டும். அந்த அம்மா வாயால் சொல்லும் கணக்கை, அவர் சொல்லும் வரிசையிலேயே, தாளில் எழுதிக் காட்ட வேண்டும். “அத்தை, நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்கேன், சரியா பாருங்க” என்று. தன் மனத்தில் ஓடிய கணக்கு தாளில் எண்களாக நிற்பதைப் பார்த்த பிறகு, தண்டல்காரரின் அட்டையில் எழுதியிருப்பதையும் அவர் பார்க்கத் தொடங்குவார். கடனின் உண்மையான வட்டி அவருக்குத் தெரிய வருவதும் அன்றுதான். எழுத்தறிவின் அரசியல் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நிலப்பக்கம் போனால் பாடமே வேறு. காவிரிக் கழனியில் எழுத்தில்லாமலே பெரிய கல்வி நடந்த வரலாறு உண்டு. அறுபதுகளில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 நெல் பரவியபோது, வானொலிப் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டே உழவர்கள் அதைப் பயிரிட்டார்கள். அதனால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. 1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இன்னொரு படி மேலே போனது. வாரம் ஒரு நாள் உழவர்கள் சேர்ந்து வயலில் இறங்கி, தூரைப் பிரித்து, எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று எண்ணி, பெரிய தாளில் படமாக வரைந்து, மருந்தடிக்க வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். படத்துக்குக் கீழே பெயர் எழுதும்போது எழுத்து தானாக நுழைகிறது. காரைக்காலில் மாதூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, 1987 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது, சொந்தப் பண்பலை வானொலியும் இருக்கிறது. எழுத்தறிவு வகுப்பையும் வேளாண் பயிற்சியையும் இரு துறைகள் தனித்தனியாக நடத்துவதை நிறுத்தி, நெடுங்காடு, திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஒன்றாக நடத்த இதைவிட வசதியான இடம் கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: பயிற்சிக்கு அழைக்கப்படுகிறவர் பெரும்பாலும் பட்டாவில் பெயருள்ள ஆண். நாற்றின் வயதையும் களையின் குணத்தையும் அறிந்த நடவுப் பெண்கள் வரப்பில் நிற்பார்கள். அவர்களை அழைக்காமல் நடக்கும் வயல்வெளிப் பள்ளி பாதிப் பள்ளிதான்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நைஜரில் சாதாரண கைபேசியை எழுத்தறிவு வகுப்போடு சேர்த்துப் பார்த்த ஆய்வில், கைபேசி கற்ற கிராமத்தினர் எழுத்திலும் கணக்கிலும் மற்றவர்களை முந்தினார்கள். திரைப்படப் பாடலுக்கு அடியில் அதே மொழியில் வரிகளை ஓடவிடும் யோசனையை அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி தொண்ணூறுகளில் முன்வைத்தார். மறந்துபோன எழுத்தை மீட்க அதைவிட மலிவான வழி குறைவு. எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய கருவி மூக்குக்கண்ணாடி. நாற்பது தாண்டியவருக்குக் கிட்டப் பொருள் மங்கும். அசாமில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தேயிலை பறிப்போருக்குக் கண்ணாடி கொடுத்தபோது வேலைத்திறன் இருபது விழுக்காட்டுக்கு மேல் கூடியதை 2018-இல் ஒரு ஆய்வு காட்டியது. மாலை ஏழு மணிக்கு, மங்கிய விளக்கில், கண்ணாடி இல்லாமல், சிறிய எழுத்துப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு “இவங்களுக்கு மண்டையில ஏறல” என்று சொல்வது எவ்வளவு அநியாயம்! சேர்க்கை நாளிலேயே கண் பரிசோதனை நடக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வயது வந்தோர் கல்வியில் அவர்களுக்குச் சம இடம் தரச் சொல்கிறது. செவித்திறன் இல்லாதவருக்கும், கற்றல் குறைபாட்டால் சின்ன வயதில் பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவருக்கும் தனிக் கவனம் கேட்கும் உரிமை அங்கே இருக்கிறது. அந்த இரண்டாம் ரகத்தினர் நாம் நினைப்பதைவிட அதிகம் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நேரம் என்பதும் ஒரு கற்பித்தல் முறைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆண்கள் கரையில் இருப்பது அப்போதுதான். பதினொரு மீனவக் கிராமங்களிலும் ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு சொல் சொன்னால் வகுப்பு நடக்கும்; அவர்களைக் கேட்காமல் அதிகாரி மட்டும் அறிவித்தால் நடக்காது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றாலும் ஒரு தடைக்காலத்தில் தொண்ணூறு மணி நேரம் கிடைக்கும். பழைய 200 மணிக் கணக்கில் ஏறத்தாழப் பாதி. நடவுப் பெண்களுக்குச் சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் வீடு வந்த பிறகே மூச்சு விட நேரம். ரமலான் மாலைகளில் இஸ்லாமியத் தெருக்களில் வகுப்பு வைக்கக் கூடாது. திருநள்ளாற்றில், கோயிலுக்குக் கூட்டம் வரும் சனிக்கிழமையில் வகுப்பு வைப்பவர் அந்த ஊரை அறியாதவர். அங்கே எள் தீபம் விற்பவர் அன்று தெலுங்கிலும் கன்னடத்திலும் விலை சொல்லிக்கொண்டிருப்பார், கைபேசியில் காசு வந்த சத்தத்தைக் காதால் கேட்டுச் சரிபார்ப்பார். எவ்வளவு வந்தது என்பதைத் திரையில் தானே படிக்க வேண்டும் என்ற ஆசைதான் அவருடைய முதல் பாடமாக இருக்க வேண்டும். தாய்மார்களுக்கு வேறொரு தூண்டுதல் அண்மையில் வந்திருக்கிறது. 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறின, பிள்ளையின் நோட்டைத் திறந்து பார்க்கவாவது வேண்டும் என்று நினைப்பவர்களை அந்த நோட்டிலிருந்தே தொடங்க வைக்கலாம்.

இப்போது நடப்பில் உள்ளது 2022 முதல் 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், ‘உல்லாஸ்’ என்று அழைக்கப்படுவது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்குமானது என்பதால் காரைக்காலுக்கும் இதில் இடம் உண்டு. ஊதியம் இல்லாத தன்னார்வலர்களை நம்பி இருப்பது இதன் பலவீனம். அவ்வையார் மகளிர் கல்லூரி மாணவி ஒருத்தி தன் அம்மா வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அந்தப் பெண் இவளை ‘டீச்சரம்மா’ என்று கூப்பிடுவார், இவள் ‘பெரியம்மா’ என்பாள். இந்த உறவு அழகானது, ஆனால் அது மட்டும் போதாது. பேனா பிடிக்காத கைக்கும் மறந்துபோன எழுத்துக்கும் வேறு வேறு வழி வேண்டும் என்பதை அவளுக்கு யாராவது பயிற்றுவிக்க வேண்டும், போக்குவரத்துச் செலவாவது தர வேண்டும்.

தேர்வு இன்னும் கவலை தருகிறது. படித்தல், எழுதுதல், எண்ணறிவு மூன்றுக்கும் ஐம்பது ஐம்பதாக 150 மதிப்பெண், நாடு முழுக்க ஒரே அமைப்பு. 95 விழுக்காட்டை எட்டிய பகுதி முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்படும். இந்த இலக்கை நோக்கி ஓடும்போது, எளிதாகத் தேறக்கூடியவர்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, மற்றவர்களை மறுபடியும் எண்ணிக்கைக்குள் மறைக்கும் ஆபத்து இருக்கிறது. தேசியத் தேர்வு இருக்கட்டும். அதோடு காரைக்கால் தனக்கென்று ஒரு சோதனையை ஒவ்வொரு கொம்யூனிலும் சேர்த்துக்கொள்ளலாம். திருமலைராயன்பட்டினத்தில் தண்டல் அட்டையில் நிலுவை எவ்வளவு என்று படித்துச் சொல்வது. நெடுங்காட்டில் நூறு நாள் வேலைக் கூலி வங்கிக் கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாஸ்புக்கில் காட்டுவது, பணம் எடுக்கும் சீட்டைப் பிறர் உதவியில்லாமல் நிரப்புவது. நகரத்தில் மருந்து அட்டையில் காலாவதித் தேதியைக் கண்டுபிடிப்பது. திருநள்ளாற்றில் திரையில் வந்த தொகையை வாசிப்பது. வகுப்பு தொடங்கிய அன்று ஒரு முறை, முடிந்த அன்று ஒரு முறை, ஓராண்டு கழித்து இன்னொரு முறை. முக்கியமானது மூன்றாவது சோதனைதான். கற்றது நின்றதா நழுவியதா என்பது அதில்தான் தெரியும்.